நாளன்னைக்கு ஃபிளைட்

வெளிநாட்டு வேலைக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கு மாதக்கணக்கில் ஒரு தகவலும் வராது. திடீரென்று ஒரு சாயங்காலம் ஏஜெண்டிடமிருந்து போன் வரும். "விசா வந்துடுச்சு, நாளன்னைக்கு ராத்திரி ஃபிளைட், ரெடியா இருங்க." அந்த இரண்டு நாளுக்குள் பெட்டி வாங்க வேண்டும், குலதெய்வத்துக்குப் படையல் போட வேண்டும், நகையை அடகு வைத்து மிச்சப் பணத்தைக் கட்ட வேண்டும், அக்கா தங்கை வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். எல்லாம் முடிந்து கடைசியில்தான் போன் ஞாபகம் வரும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மொபைல் கடைக்காரர்கள் இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வி இந்த நேரத்தில் வருவதுதான்: "அண்ணா, இந்த போன் அங்க எடுக்குமா?"

கேள்வி சின்னது. பதில் ஒவ்வொரு காலத்திலும் வேறாக இருந்திருக்கிறது. சில காலங்களில் தவறான பதில் ஒருவரை வாரக்கணக்கில் வீட்டோடு பேச முடியாமல் நிறுத்தியும் இருக்கிறது.

விழுப்புரமும் திண்டிவனமும் ஆள் போகிற வழியில் அமைந்தவை. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை 1870-களில் திண்டிவனம் வழியாக விழுப்புரம் வந்தது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளை பிரிந்தது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியா, மறுபக்கம் பிரெஞ்சு இந்தியா என்றிருந்த அந்தப் பாதையில் சரக்கோடு மனிதர்களும் கடற்கரைக்குப் போனார்கள். 1914 முதல் போட் மெயில் விழுப்புரத்தைத் தொட்டுக்கொண்டு தனுஷ்கோடிக்கு ஓடியது. அங்கிருந்து கப்பலேறி இலங்கை. கிழக்கே மலாயாவும் சிங்கப்பூரும், புதுச்சேரி வழியாக சைகோனும் ரீயூனியனும். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அதைத் தேர்ந்த சில ஆயிரம் பேரில் பலர் பிறகு பிரான்சுக்குப் போனார்கள். புதுச்சேரி இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான்.

போனவர் நல்லபடியாகப் போய் இறங்கினாரா என்பதை வீட்டார் அறிந்துகொள்வது நெடுங்காலம் கடிதத்தை நம்பியே இருந்தது. சென்னைக்கும் பினாங்குக்கும், பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி 1870-களின் தொடக்கத்திலேயே போடப்பட்டுவிட்டது. ஆனால் அது வணிகர்களுக்கும் அரசாங்கத்துக்கும் ஆனது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கேட்கும் தந்தியைத் தோட்டத் தொழிலாளி எப்படி அனுப்புவான்? உள்ளூர்த் தந்திக்கும் கிராமத்தில் வேறொரு அர்த்தம் இருந்தது. சைக்கிளில் தந்திக்காரர் தெருவுக்குள் நுழைந்தாலே பெண்கள் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துச் சொல்ல வாத்தியாரைத் தேட வேண்டும், அவர் வாய் திறக்கும்வரை யாருக்கும் உயிர் இருக்காது. நல்ல சேதி சொல்ல அந்தத் தந்தி உதவவில்லை.

தொலைபேசி வந்த பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. வெளிநாட்டுக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்து, எக்ஸ்சேஞ்ச் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நாட்டை விட்டு வெளியே போகும் அழைப்புகள் எல்லாம் முதலில் வெளிநாட்டுத் தகவல்தொடர்பு சேவை என்ற அரசுத் துறையின் கையிலும், 1986 ஏப்ரல் முதல் வி.எஸ்.என்.எல். கையிலும் இருந்தன. பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு நுழைவாயில்கள் வழியாகத்தான் போய்வர வேண்டும். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது இந்த ஏற்பாட்டின் குறை முழுதாகத் தெரிந்தது. குவைத்தில் இருந்தவர்களிடமிருந்து இங்கே எந்தத் தகவலும் இல்லை. அம்மான் வரை பாலைவனம் கடந்து வந்து, அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானத்தில் திரும்பினார்கள். பல குடும்பங்களுக்கு, ஆள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவர் உயிரோடு இருப்பது தெரிந்தது.

அந்த வருடங்களில்தான் மஞ்சள் பலகைகள் முளைத்தன. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய கண்ணாடிக் கூண்டு, உள்ளே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பேசி முடித்ததும் கிர்ரென்று வெளியே வரும் பில். 1984-ல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் நம் புழுதிக்கும் வெயிலுக்கும் தாங்குகிற சிறிய எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கியதால், தாலுகா ஊர்களுக்கும் நேரடி டயலிங் வந்தது. விழுப்புரத்துக்கு 04146, திண்டிவனத்துக்கு 04147, செஞ்சிக்கு 04145. வெளிநாடு போனவர்கள் பர்சுக்குள் வைத்திருந்த துண்டுச் சீட்டில் இந்த எண்களில் ஒன்றும், அதன்பின் ஒரு பி.பி. நம்பரும் இருக்கும். பி.பி. என்றால் பக்கத்து வீட்டு போன், அல்லது தெருமுனை பூத். கூப்பிடுகிறவர் முதலில் "இன்னார் வீட்டுல கூப்பிடுங்க, கால் மணி நேரத்துல திரும்பப் போடுறேன்" என்று வைத்துவிடுவார். பூத்துக்காரர் ஒரு பையனை ஓடவிடுவார். அம்மா, மனைவி, பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே கூண்டுக்கு வெளியே வந்து நிற்கும். தங்கள் பெயரில் ஒரு இணைப்பும் இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களை இந்த பூத்துகள் சுமந்தன. அவற்றை நடத்தியவர்களில் மாற்றுத் திறனாளிகளும் முன்னாள் ராணுவத்தினரும் நிறைய. அவர்களைப் பற்றி இதுவரை எழுதப்பட்டது மிகக் குறைவு.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியது. அதே வருடம் சென்னைக்கும் செல்போன் வந்தது. ஆனால் சென்னை தனி வட்டம், மற்ற தமிழ்நாடு தனி வட்டம். தமிழ்நாட்டு வட்டத்தில் ஏர்செல் 1999-ல் சேவையைத் தொடங்கியது. சென்னையில் சிம் வாங்கியவர் திண்டிவனத்துக்கு வந்தால் ரோமிங். இந்தப் பிரிவு 2000-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. வெளியே போகும் அழைப்புக்கு நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை, உள்ளே வரும் அழைப்புக்கும் காசு. 2003 மே மாதம்தான் இன்கமிங் இலவசமானது. இன்டர்நேஷனல் ரோமிங் என்பது போஸ்ட்பெய்டு வைத்திருந்து, பெரிய முன்பணமும் கட்டக்கூடியவர்களுக்கு மட்டுமே. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அது எட்டவில்லை.

அவருக்குத் தேவைப்பட்டது கையில் ஒரு போன் மட்டும். அங்கே இறங்கியதும் அந்த நாட்டு சிம்மைப் போட்டுக்கொள்ளலாம். இதில்தான் மொபைல் கடைக்காரரின் அறிவு தேவைப்பட்டது.

இந்தியா ஜி.எஸ்.எம். தொழில்நுட்பத்தில் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை எடுத்துக்கொண்டது. வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா, பிரான்ஸ் எல்லாம் அதே அலைவரிசைகள். ஆகவே நம்மூரில் வாங்கிய நோக்கியா 3310-ம், 2003-ல் வந்த நோக்கியா 1100-ம் துபாயிலும் ஜோகூரிலும் பாரிசிலும் அப்படியே வேலை செய்தன. டார்ச் வைத்த அந்த 1100 உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 850, 1900. அங்கே போகும் மென்பொருள்காரரின் இரண்டு பேண்டு போன் விமானம் விட்டு இறங்கியதும் 'நோ சர்வீஸ்' காட்டும். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் ஜி.எஸ்.எம்.மே கிடையாது. அங்கே போய் விமான நிலையத்தில் வாடகைக்கு போன் எடுத்தால்தான் உண்டு.

உள்ளூரிலேயே இன்னொரு சிக்கல் இருந்தது. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குக் கைபேசி என்று அறிவித்தபோது, செல்போனை முதன்முதலாகக் கையில் தொட்ட குடும்பங்கள் ஏராளம். அது சி.டி.எம்.ஏ. என்ற வேறு தொழில்நுட்பத்தில் ஓடிய, சிம் போடவே இடமில்லாத போன். ஊரில் நன்றாகப் பேசியது, ஆகவே அங்கேயும் பேசும் என்று பெட்டியில் வைத்துக்கொண்டு சவூதிக்கோ மஸ்கட்டுக்கோ போனவருக்கு அது வெறும் கடிகாரமாகத்தான் பயன்பட்டது. பதினான்கு வருடம் கழித்து, 2017-ல், ஜியோபோன் வந்தபோது அதே கதை திரும்ப நடந்தது. 1,500 ரூபாய் முன்பணத்தில் கிடைத்த அந்த போன் ஜியோ சிம்மைத் தவிர வேறு சிம்மை ஏற்காது. மலிவாகக் கிடைத்த போன் ஏன் மலிவாகக் கிடைத்தது என்பதைக் கடல் கடந்த பிறகே உணர்ந்தவர்கள் இரண்டு தலைமுறையிலும் உண்டு. விற்கும்போதே "இது வெளிநாட்டுல எடுக்காது" என்று ஒரு வரி சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. கடைக்காரர் நல்லவராக இருந்தால் சொன்னார், அவ்வளவுதான்.

நல்ல கடைக்காரர் வேறு பலவும் செய்தார். போனை வாங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி: "எந்த ஊருக்குப் போறீங்கண்ணா?" பிறகு பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, எந்தச் சிம்மையும் ஏற்கிறதா என்று தன் டிராயரில் கிடக்கும் வேறு கம்பெனி சிம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பார். அடுத்தது பெயர் பட்டியல். அந்தக் காலத்தில் பலர் நம்பர்களைச் சிம்மிலேயே சேமித்து வைத்திருந்தார்கள். அங்கே போய்ச் சிம்மை மாற்றினால் அம்மா நம்பரும் அதோடு கழன்றுவிடும். ஆகவே எல்லாவற்றையும் போன் மெமரிக்கு மாற்றுவார். அதோடு நின்றால் வேலை பாதிதான். "98" என்றோ "098" என்றோ இருக்கும் நம்பரை வெளிநாட்டிலிருந்து அழுத்தினால் போகாது. ஒவ்வொரு பெயராகத் திறந்து, பூஜ்யத்தை அழித்து, முன்னால் +91 சேர்ப்பார். நூறு பெயர் இருந்தால் நூறையும். பட்டன் போனில் கட்டைவிரலால் செய்யும் இந்த வேலைக்குப் பல கடைகளில் தனியாகக் காசு வாங்கியதில்லை. கடைசியில் அந்த நம்பர்களில் முக்கியமான நான்கைந்தை ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வைக்கச் சொல்வார்.

சார்ஜர் இன்னொரு விஷயம். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் எல்லாவற்றிலும் சுவரில் இருப்பது சதுரக் கம்பி போடும் மூன்று துளை. நம்மூர் உருண்டைக் கம்பி அதற்குள் நுழையாது. முப்பது நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மாற்று பின் இல்லாமல், புது போனோடு போய் இறங்கி, முதல் இரவே சார்ஜ் இறங்கி நிற்கலாம். மைக்ரோ சிம் 2010-லும் நானோ சிம் 2012-லும் வந்த பிறகு, ஸ்டேப்ளர் போன்ற ஒரு சிம் கட்டர் கடைகளில் சேர்ந்தது. பெரிய சிம்மைச் சின்னதாக வெட்டுவார்கள். வெட்டிய சட்டத்தைத் தூக்கி எறியாமல் வாடிக்கையாளரிடமே கொடுத்தனுப்புவது வழக்கம். ஊர் திரும்பி வந்து பழைய போனில் போட அது தேவைப்படும்.

வீட்டாரோடு ஓர் ஒப்பந்தமும் இங்கேயே முடிவாகும். அங்கே போய் இறங்கியதும் இரண்டு ரிங் விட்டு கட் செய்தால் நல்லபடியாகச் சேர்ந்தாச்சு என்று அர்த்தம், மூன்று என்றால் திரும்பக் கூப்பிடு. காசில்லாமல் சேதி சொல்லும் வழியை மக்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

எதிர்த்திசையிலும் போன்கள் வந்தன. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் உறவினர் கொண்டுவந்து தரும் விலையுயர்ந்த போன், அந்த நாட்டுக் கம்பெனியின் சிம்மைத் தவிர வேறெதையும் ஏற்காமல் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கச் சென்னையின் ரிச்சி தெருவுக்கோ, பர்மா பஜாருக்கோ போக வேண்டும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் பாரிமுனை அருகே உருவான அந்தக் கடைவரிசை, ஒரு காலத்தில் வெளிநாட்டு வாசனைத் திரவியத்துக்கும் டேப் ரெக்கார்டருக்கும் பேர்போனது. பிறகு செல்போனுக்கு மாறியது. சீனாவிலிருந்து வந்த மலிவான இரட்டைச் சிம் போன்களும் அங்கிருந்துதான் மாவட்டங்களுக்குப் பரவின. ஊர் சிம் ஒன்று, வெளிநாட்டுச் சிம் ஒன்று என்று வைத்துக்கொள்ள நினைத்தவர்களுக்கு அவை தோதாக இருந்தன. ஆனால் பலவற்றில் ஐ.எம்.இ.ஐ. எண் கிடையாது. 2009 டிசம்பர் 1 முதல் அப்படிப்பட்ட போன்களுக்கு இணைப்பைத் துண்டிக்க அரசு உத்தரவிட்டது. *#06# அழுத்தினால் பதினைந்து இலக்கம் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் மக்களிடம் அப்போதுதான் பரவியது. எண் இல்லாதவற்றுக்கு அதிகாரபூர்வமாக எண் ஏற்றித்தரும் ஏற்பாடு ஒன்றும் கொஞ்ச காலம் நடந்தது.

போய்ச் சேர்ந்த இடத்தில் சிம் வாங்குவதும் லேசான காரியமாக இருந்ததில்லை. தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டில் இருப்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்றும், அவர்கள் அதிகம் இருக்கும் நாடு சிங்கப்பூர் என்றும் 2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த சிங்கப்பூரில் 2005 நவம்பர் முதல் ப்ரீபெய்டு சிம்முக்கு அடையாளப் பதிவு கட்டாயம். 2014 முதல் ஒருவருக்கு மூன்று சிம்தான். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டுவிட்டால், வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை சிம் கிடைப்பது சிரமம். ஞாயிற்றுக்கிழமை தமிழர்கள் கூடும் தேக்கா பக்கம் போகும்வரை அறை நண்பரின் போனில்தான் வீட்டுக்குப் பேச வேண்டும்.

அடுத்த அடி தொழில்நுட்பத்திலிருந்து விழுந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூரின் மூன்று நிறுவனங்களும் 2ஜி சேவையை மூடத் தொடங்கின. அதுவரை அங்கே பேசிக்கொண்டிருந்த நோக்கியா 1100 அதோடு ஊமையானது. மலேசியா 2021 முடிவில் 3ஜியை மூடியது, அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. 2022 பிப்ரவரியில் மூடியது, 2024-ல் சிங்கப்பூரிலும் 3ஜி ஓய்ந்தது. இந்தியாவில் 2ஜி இன்னும் ஓடுகிறது. அதனால் "ஊர்ல நல்லா பேசுதே" என்பது இன்று எந்த உத்தரவாதமும் ஆகாது. 4ஜி என்று எழுதியிருந்தாலும், அந்த நாட்டு நெட்வொர்க்கில் வோல்ட்டி எனப்படும் 4ஜி வழி அழைப்பு வேலை செய்யாவிட்டால், இணையம் வரும், சாதாரண அழைப்பு வராது. ஆபத்தில் அவசர எண்ணுக்குப் போடுவதும் இதில் அடக்கம் என்பதால் இதைச் சின்னக் குறையாகத் தள்ளிவிட முடியாது.

வளைகுடாவில் சிக்கல் வேறு மாதிரி. சவூதி 2017 செப்டம்பரில் இணைய அழைப்புத் தடையைத் தளர்த்தியது. அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகச் செய்தி அனுப்பலாம், பேசுவது தடுக்கப்பட்டிருந்தது. அனுமதி பெற்ற பாட்டிம் போன்ற செயலிகள் தேவை. அதைப் போகிறவர் போனில் மட்டும் ஏற்றினால் போதாது, ஊரில் இருக்கும் அம்மாவின் போனிலும் ஏற்ற வேண்டும். விவரம் தெரிந்த கடைக்காரர் "வீட்டு போனையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்வது இதனால்தான்.

ஊர் நம்பரை உயிரோடு வைத்திருப்பது இன்றைய பெரிய கவலை. முன்பெல்லாம் வெளிநாடு போகிறவர் தன் சிம்மைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போவார். இன்று வங்கி, ஆதார், வருங்கால வைப்பு நிதி என்று எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த நம்பருக்குத்தான் வருகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2013 விதிப்படி, தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு நம்பரைத்தான் துண்டிக்கலாம், அதற்கு முன் கூடாது. கணக்கில் இருபது ரூபாய் இருந்தால் அதற்குப் பிறகும் காப்பாற்றிக்கொள்ள வழி உண்டு. பயனாளிக்குப் பாதுகாப்பாக வந்த இந்த விதி தெரியாமலேயே, இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய்த் திரும்பியவர்கள், தங்கள் நம்பர் வேறு யாருக்கோ போயிருப்பதைக் காண்கிறார்கள். வங்கிக் கணக்கைத் திறக்க அலைய வேண்டியதாகிறது. 2023 ஜனவரியில் சிங்கப்பூர், அமீரகம், சவூதி, ஓமன், கத்தார் உட்படப் பத்து நாட்டு எண்களைக் கொண்டே யு.பி.ஐ. பயன்படுத்த வழி திறக்கப்பட்டது. அதுவும் வெளிநாட்டு இந்தியருக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கு இருப்பவர்களுக்கே. அவசரத்தில் கிளம்பும் தொழிலாளியிடம் இருப்பதோ ஊர் வங்கியின் சாதாரண சேமிப்புக் கணக்கு.

வேலைக்காக வெளிநாடு போகிறவர்களுக்கு மத்திய வெளியுறவு அமைச்சகம் 2018 முதல் ஒரு நாள் பயிற்சி தருகிறது. சட்டம், ஊதியம், தூதரக உதவி எல்லாம் அதில் சொல்லப்படுகின்றன. போனைப் பற்றியும் அங்கே அரை மணி நேரம் கட்டாயம் பேச வேண்டும். ஊதியம் வராவிட்டால் தூதரகத்தை அழைக்கலாம் என்று கற்றுத்தருவதில் பயன் இருக்க, அழைக்க ஒரு போன் வேலை செய்தாக வேண்டும். இதுவரை அந்தப் பாடத்தை நடத்திவருவது பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகள்தான். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் சொன்னதைக் கேட்டே கடைக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது இ-சிம் வந்திருக்கிறது. 2018-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு நிறுவனத்தின் சிம்மை இங்கே விற்கவோ வாடகைக்கு விடவோ தொலைத்தொடர்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்பது பழைய விதி. அந்தச் சான்று இல்லாமல் இ-சிம் விற்றதாகச் சொல்லி ஏராலோ, ஹோலாஃப்ளை என்ற இரண்டு செயலிகள் 2024 ஜனவரியில் இந்தியாவில் தடுக்கப்பட்டன. அதனால் வாங்கும் வழியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. சுற்றுலா போகிறவருக்கு இ-சிம் பெரிய வசதி. வேலைக்குப் போகிறவரின் பத்தாயிரம் ரூபாய் போனில் பெரும்பாலும் அந்த வசதியே இருப்பதில்லை. இருந்தாலும் அதை ஏற்ற இணையம் வேண்டும், இறங்கிய இடத்தில் இணையம் இருக்காது. விமான நிலையத்தின் இலவச வைஃபைக்கும் பல ஊர்களில் ஓ.டி.பி. கேட்கிறார்கள். திண்டிவனத்திலேயே கடையின் வைஃபையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, டேட்டா ரோமிங் எந்தச் சிம்முக்கு ஆன், எதற்கு ஆஃப் என்பதையும் அங்கேயே சரிபார்த்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச் சேர்ந்த பிறகு அதற்காக அலைய வேண்டியதில்லை.